முழங்கால் சவ்வு: கத்தியா, பயிற்சியா? 130 வருட வழக்கின் கதை



இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் பாடசாலை தோறும் ஒரு பிள்ளையாவது முழங்கால் திருகி மைதானத்தில் உட்கார்ந்துவிடும். கரப்பந்தாட்டத்தில் குதித்து இறங்கிய இளைஞனும், மழையில் வழுக்கும் மலையில் கொழுந்துக் கூடையோடு காலை மாற்றி வைத்த தாயும் இதே காயத்தோடு வருகிறார்கள். "சவ்வு அறுந்துவிட்டது" என்று வைத்தியர் சொன்ன அன்றே ஊர் இரண்டாகப் பிரிகிறது. "ஒப்பரேஷன் செய்யாவிட்டால் கால் போச்சு" என்பார் ஒருவர். "செய்தால்தான் கால் போச்சு" என்பார் மற்றவர். பயிற்சி செய்யச் சொல்லி அனுப்பினாலோ, "வைத்தியம் பார்க்கவில்லை, சும்மா காலை ஆட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்" என்று எல்லோருமே மனம் உடைகிறோம்.

இது நம் ஊர்ச் சண்டை மட்டுமல்ல. உலகின் பெரிய வைத்தியர்களே ஏறத்தாழ 130 வருடங்களாக இதைத்தான் வாதாடி வந்திருக்கிறார்கள். அந்த வரலாற்றை அறிந்தால் நமது பயமும் குறையும், வீண் நம்பிக்கையும் குறையும்.

முழங்காலுக்குள்ளே இரண்டு சவ்வுகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்கின்றன. முன்னால் உள்ளது, கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் பிடித்து வைக்கிறது. பாதம் நிலத்தில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பினால் அதிகமாக அறுவது இதுதான். முறிந்த எலும்பை நேராக வைத்துக் கட்டினால் பொருந்திவிடும். நமது முறிவு நெரிவு வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து காட்டியது அது. மூட்டுக்குள் இருக்கும் இந்தச் சவ்வு அவ்வளவு இலகுவில் ஒட்டுவதில்லை. வழக்கு தொடங்கியதே அங்கேதான்.

1895 இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ரொப்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், அறுந்த குறுக்குச் சவ்வுகளை முதன்முதலாகத் தைத்தார். அவர் கைவைத்தது ஒரு விளையாட்டு வீரனின் காலில் அல்ல. மண் சரிந்து விழுந்து காயப்பட்ட ஒரு சுரங்கத் தொழிலாளியின் காலில். தைத்த நூல் விலங்கின் குடலிலிருந்து செய்யப்பட்டது. உடலுக்குள் தைக்க அத்தகைய நூலைப் பயன்படுத்துவது பற்றி, அதற்கு 900 வருடங்களுக்கு முன்பே குர்துபாவின் அல்-ஸஹ்ராவி எழுதி வைத்திருந்தார். தொழிலாளி தேறினார். 1903 இல் ரொப்சன் இந்தச் செய்தியை எழுதி வெளியிட்டார்.

அந்தக் காலத்தில் நமது மலைகளில் கோப்பி அழிந்து தேயிலை வேரூன்றியிருந்தது. ரயில் றொசல்லயைக் கடந்து ஹற்றனுக்கு வந்தது 1884 இல். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென 1872 இலேயே ஒரு சட்டம் வந்திருந்தாலும், தோட்ட வைத்தியத்தின் கவலை காய்ச்சலும் வயிற்றோட்டமும் கொக்கிப்புழுவும்தான். முழங்கால் திருகியவருக்குக் கிடைத்தது எண்ணெயும் கட்டும். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் கிடையாது. ஆகவே நொண்டிக்கொண்டே மலை ஏறினார்கள்.

வெள்ளைக்கார நிபுணர்களிடமும் ஒற்றுமை இருக்கவில்லை. முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1916 இல், பிரித்தானியாவின் புகழ்பெற்ற எலும்பு வைத்தியர் ரொபர்ட் ஜோன்ஸ் இந்தச் சவ்வைத் தைப்பது பயனற்ற வேலை என்றார். அடுத்த வருடமே பிரிஸ்டலில் ஹே குரோவ்ஸ், தைப்பதற்குப் பதிலாகத் தொடைப் பக்கத்து இழையத்தை எடுத்துப் புதிய சவ்வாகப் பொருத்தும் முறையை எழுதினார். ஒருவர் "வேண்டாம்" என்கிறார், மற்றவர் "வேறு விதமாகச் செய்வோம்" என்கிறார். நமது சந்தியில் நடக்கும் அதே பேச்சு!

தைத்தல் உண்மையில் பலன் தந்ததா? அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியில் காயப்பட்ட பயிலுநர்களுக்குச் சவ்வைத் தைத்தார்கள். ஆரம்பத்தில் நன்றாகவே இருந்தது. ஐந்து வருடங்களின் பின் திரும்பிப் பார்த்தபோது பெரும்பாலானோரின் முழங்கால் மீண்டும் தளர்ந்திருந்தது. ஃபீகினும் கேர்லும் 1976 இல் இதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அதன் பிறகு தைத்தல் பின்வாங்கியது. உடம்பின் வேறோர் இடத்துத் தசைநாணை எடுத்துப் பொருத்தும் முறை முன்னுக்கு வந்தது. இன்று "சவ்வு ஒப்பரேஷன்" என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதைத்தான்.

இந்த வரலாற்றில் நமக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் அடுத்தது. அந்த நாட்களில் ஒப்பரேஷன் முடிந்ததும் காலை வாரக்கணக்கில் பிளாஸ்டரில் கட்டி வைத்தார்கள். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஷெல்போர்ன் என்ற நிபுணர் ஒன்றைக் கவனித்தார். சொன்ன பேச்சைக் கேட்காமல் முன்கூட்டியே காலை நீட்டி, ஊன்றி நடந்த நோயாளிகள்தான் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். 1990 இல் அதை ஒரு முறையாகவே எழுதி வெளியிட்டார். அன்றிலிருந்து பயிற்சி ஒப்பரேஷனின் வால் அல்ல, அதன் பாதி உயிர். 2022 டிசம்பர் இறுதியில் வாகன விபத்தில் முழங்கால் சவ்வுகள் அறுந்த ரிஷப் பண்டை எல்லோரும் அறிவோம். ஒப்பரேஷன் 2023 ஜனவரியில் முடிந்தது. அவர் மைதானம் திரும்பியது 2024 மார்ச்சில். இடைப்பட்ட மாதங்களெல்லாம் பயிற்சிதான்.

அப்படியானால் பயிற்சி மட்டும் போதாதா? சுவீடனில் இதை நேருக்கு நேர் சோதித்தார்கள். புதிதாகச் சவ்வு அறுந்த 121 இளம் வயதினரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 62 பேருக்கு உடனே ஒப்பரேஷனும் பயிற்சியும், 59 பேருக்கு முதலில் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். தேவைப்பட்டால் பின்னர் ஒப்பரேஷன் செய்யலாம். 2010 இல் முடிவு வந்தது. இரண்டு வருடங்களின் பின் இரு பக்கத்தாரின் வலியிலும் இயக்கத்திலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. பயிற்சிக்காரர்களில் 23 பேர் அதற்குள் ஒப்பரேஷன் செய்துகொண்டார்கள். ஐந்து வருடங்களில் அது 30 ஆனது. மீதிப் பாதிப் பேருக்கு அது தேவைப்படவே இல்லை.

இங்கேயே நிறுத்தினால் அரை உண்மை சொன்னவர்கள் ஆவோம். 2022 இல் பிரித்தானியாவில் 316 பேரை வைத்து இன்னோர் ஆய்வு வெளியானது. இவர்கள் புதிதாகக் காயப்பட்டவர்கள் அல்ல, காயம் பழையதாகியும் முழங்கால் நழுவிக்கொண்டே இருந்தவர்கள். அவர்களுக்கு ஒப்பரேஷன்தான் கூடுதல் பலன் தந்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் பாடம் தெளிவு. புதிய காயம் என்றால், பலருக்கு முதலில் ஒழுங்கான பயிற்சி ஒரு முழுமையான சிகிச்சை. பயிற்சி செய்தும் கால் நழுவினால் ஒப்பரேஷனுக்கு வாசல் திறந்தே இருக்கிறது. மூட்டு மடங்கிப் பூட்டிக்கொண்டால், பல சவ்வுகள் ஒன்றாக அறுந்தால், பிள்ளை இன்னும் வளரும் வயதென்றால், கணக்கு வேறு. நிபுணரைத் தாமதிக்காமல் பார்க்க வேண்டும். ஸ்கேன் படத்தில் "அறுந்தது" என்று இருப்பது மட்டும் தீர்ப்பல்ல. படிக்கட்டிலும் மலையிலும் அந்தக் கால் எப்படி நடக்கிறது என்பதும் தீர்ப்பின் பாதி.

2022 நவம்பரில் சென்னையில் 17 வயது உதைபந்தாட்ட மாணவி ஒருவர் முழங்கால் சவ்வு ஒப்பரேஷனின் பின் உயிரிழந்த செய்தி நம் பலருக்கும் நினைவிருக்கும். இறுக்கமாகக் கட்டிய கட்டு இரத்த ஓட்டத்தைத் தடுத்தது. காலை அகற்றியும் அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. இதைச் சொல்லி யாரையும் ஒப்பரேஷனிலிருந்து விரட்டக் கூடாது. எடுக்க வேண்டிய பாடம் ஒன்றுதான்: கட்டுப் போட்ட கால் விறைத்தால், குளிர்ந்தால், நிறம் மாறினால், மருந்துக்கும் அடங்காமல் வலித்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே தாதியை, வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக நமது மலைக்கே உரிய ஒரு விடயம். பயிற்சிக்குக் காசு குறைவுதான், ஆனால் அது நாட்களைக் கேட்கிறது. மாதக்கணக்கில், ஒவ்வொரு நாளும். இளைஞனுக்கு அந்த நேரம் கிடைத்துவிடும். நாள் பேருக்கு மலை ஏறி, வந்து தண்ணீரும் விறகும் சுமக்கும் தாய்க்கு யார் கொடுப்பது? இரண்டு தடவை கிளினிக் போய்விட்டு நின்றுவிடுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். சோம்பல் காரணமல்ல, பேர் போய்விடும் என்ற பயம். நகையை அடகு வைத்து ஒப்பரேஷனுக்கு ஓடத் தயாராகும் நாம், வீட்டுப் பெண்ணுக்குத் தினமும் அரை மணி நேரம் ஒதுக்கிக் கொடுக்கத் தயங்குகிறோம்.

முதன்முதலில் தைக்கப்பட்ட முழங்கால் ஒரு தொழிலாளியின் முழங்கால். இந்த வைத்தியம் பிறந்ததே உழைக்கும் காலுக்காக. நமது லயத்திலும் கடைவீதியிலும் இருக்கும் கால்களுக்கும் அது சேரட்டும். பெற்றோரும் தலைவர்மாரும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகத்தினரும் இதைப் படித்து மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். இன்று நொண்டிக்கொண்டிருக்கும் ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருந்தால், அவருடைய கூடையை நாளை வேறொருவர் தூக்கட்டும்.