சலுகையிலிருந்து உரிமைக்கு: தமிழகப் பேருந்துகளும் மாற்றுத்திறனாளிகளின் அணுகலும்

ஊனமுற்றோருக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம், பேருந்துகளை அவர்கள் எளிதில் அணுகும்வண்ணம் மாற்றியமைக்கப் பணித்தது. எனினும் அக்கடமையைப் போக்குவரத்து நிறுவனங்களின் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டதாக்கியது. 2007இல் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா ஏற்புறுதி செய்தது. அதன் விளைவான 2016ஆம் ஆண்டுச் சட்டம், பொருளாதார இயலுமை என்னும் வரையறையைப் பழைய ஊர்திகளின் மறுசீரமைப்போடு இணைத்தது. ஆகவே புதிய பேருந்துகளின் கொள்முதலே வழக்குக்களமாயிற்று. தளத்தின் உயரம் 900 மில்லிமீட்டரா, 400 மில்லிமீட்டரா என்னும் வினா சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதிடப்பட்டது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அவ்வேறுபாடே பயணத்தைத் தீர்மானிக்கிறது. 2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின.

இதற்கிடையே, 2021இல் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் செல்லும் துணையாளர் ஒருவருக்கும் கட்டணமில்லாப் பயணம் வழங்கப்பட்டது. கட்டணம் நீங்கினும் படிக்கட்டு நீங்கவில்லை. துணையாளருக்கும் இடமளித்த அச்சலுகை, தனித்துப் பயணிக்கும் உரிமையை ஈடுசெய்யாது. தாழ்தளப் பேருந்து பற்றிய விவாதம் பெருநகரங்களையே மையமிட்டது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட வன்னியம்பட்டி போன்ற ஊர்களின் நிறுத்தங்களில் நடைமேடை, சாய்தளம், பேருந்துத் தளம் ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்தும்போதே சட்டத்தின் வரலாறு பயணியின் வரலாறாகும்.