தொலைபேசி ஓய்ந்த பிறகு: கொழும்பு மாடிவீட்டுக்கான ஒரு ஹாம் வானொலிப் பை

2004 டிசம்பர் 26 அன்று அம்பாந்தோட்டையைக் கடல் அடித்துச் சென்றபோது தொலைபேசி இணைப்புகளும் அதோடு போயின. அங்கே என்ன நடக்கிறது என்று கொழும்பிலிருந்து கேட்க வழியில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் ஹாம் வானொலிக்காரர்கள். இலங்கை வானொலிச் சங்கத்தின் அப்போதைய தலைவர் விக்டர் குணதிலகவின் தலைமையில், பற்றரியில் இயங்கும் சிற்றலைக் கருவிகளைக் கொண்டு கொழும்புக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடையே செய்திப் பாதை ஒன்றைத் திறந்தார்கள். அதே நாட்களில் அந்தமானின் போர்ட் பிளேயரில், வேறு நோக்கத்துக்காக ஹாம் நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத்தும் அவரது குழுவினரும் தீவுகளின் செய்திகளை இந்தியப் பெருநிலத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஹாம் வானொலி என்பது பரீட்சை எழுதி உரிமம் பெற்ற தனியாட்கள், இலாப நோக்கமின்றி, தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் பேசும் முறை. இடையில் கோபுரமோ, கேபிளோ, நிறுவனமோ தேவையில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் பல இடங்களில் கைத்தொலைபேசிகள் மௌனமாகின. வெள்ளவத்தையிலிருந்து உறவினரின் இலக்கத்தை அழுத்தி அழுத்தி ஓய்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நமது வீடுகளில் இதைப் பேசுவது இலகுவல்ல. போர்க்காலத்தில் 'வோக்கி' என்ற சொல்லையே மெதுவாகச் சொன்னவர்கள் நாம். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்து தமிழர்களைப் பேருந்தில் ஏற்றி வடக்குக்கு அனுப்பினார்கள்; உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. அதைப் பார்த்த தலைமுறைக்கு கூரையில் ஒரு கம்பி கட்டுவதுகூடச் சாதாரண விடயமல்ல. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, கொட்டாஞ்சேனையில் வீட்டு அலுமாரிகளும் சோதனைக்குத் திறக்கப்பட்டன.

ஆகவே பையில் முதலில் வைக்க வேண்டியது உரிமம். இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பரீட்சை நடத்தி அதை வழங்குகிறது. 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ், உரிமமில்லாமல் வானொலிக் கருவியை இயக்குவது குற்றம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பௌஃபெங் கைக்கருவியை 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று வாங்கி வைப்பவர்கள் உண்டு. நம்மவர்களுக்கு அது அவசரத்தைத் தீர்க்காது. புதிதாக ஒன்றை உருவாக்கும். உரிமத்தின் பிரதி, கருவி சட்டப்படி வாங்கியதற்கான பத்திரம், அடையாள அட்டைப் பிரதி மூன்றையும் பிளாஸ்ரிக் உறையில் போட்டு, பையின் மேலறையில் வையுங்கள். கேட்பவருக்கு முதலில் கருவி தெரியக்கூடாது, கடதாசி தெரியவேண்டும்.

இனிக் கருவி. இரண்டு வகைத் தேவை இருக்கிறது. நகருக்குள் பேச 2 மீற்றர் அலைவரிசையில் இயங்கும் 5 வற் கைக்கருவி போதும். ஆனால் இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையே சுமார் 8 கிலோமீற்றர்தான். நடுவில் கொள்ளுப்பிட்டியும் கோட்டையும் கொங்கிறீற்று மதிலாக நிற்கின்றன. கீழ் மாடியில் நின்று கூப்பிட்டால் கேட்காமல் போகலாம், மொட்டைமாடிக்கு ஏறினால் கேட்கலாம். கருவியோடு வரும் குட்டை அன்ரெனாவைக் கழற்றி நீளமான ஒன்றைப் பூட்டுவது, விலைகூடிய கருவி வாங்குவதைவிடப் பயன் தரும்.

யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் பேச இது உதவாது. அதற்குச் சிற்றலை வேண்டும், குறிப்பாக 7 மெகாஹெர்ட்ஸ், அதாவது 40 மீற்றர் அலைவரிசை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர், மட்டக்களப்பு 220. அன்ரெனாவைத் தாழக் கட்டினால் அலை செங்குத்தாக மேலெழுந்து, அயன மண்டலத்தில் பட்டு, குடை விரித்ததுபோல் சுற்றியுள்ள சில நூறு கிலோமீற்றருக்குள் இறங்கும். மலை குறுக்கே நின்றாலும் தடையில்லை. பகலில் நம்பகமாக வேலைசெய்யும்; இரவில் கிட்டிய இடங்கள் விடுபட்டுத் தூர தேசங்கள் கேட்கத் தொடங்கலாம். நமது பிராந்தியத்தில் அவசரத் தொடர்புக்கென ஹாம் வானொலிக்காரர்கள் கூடும் இடம் 7.110 மெகாஹெர்ட்ஸ்.

அன்ரெனா செய்வது மிக மலிவு. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீற்றரில் வரும். 7.1க்கு அது சுமார் 20 மீற்றர். பக்கத்துக்கு 10 மீற்றர் சாதாரண மின்கம்பி. நடுவைத் தண்ணீர்த் தாங்கிக் கம்பத்தில் உயர்த்தி, இரு முனைகளையும் நைலோன் கயிற்றால் கைப்பிடிச் சுவருக்கு இழுத்துக் கட்டலாம். மின்சாரக் கம்பிகளுக்கு அருகில் கட்டவே கூடாது, இடிமின்னல் வந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். கூரைக் கொங்கிறீற்றுக்குள் இரும்பு இருப்பதால் கணக்குச் சற்றுப் பிசகும். கம்பியைக் கொஞ்சம் நீளமாக வெட்டி, எஸ்டபிள்யூஆர் மீற்றரைப் பார்த்துப் பார்த்துக் குறையுங்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றில் செப்பு இணைப்புகள் சில மாதங்களிலேயே பச்சை பிடிக்கும். கிறீஸ் பூசி, நாடா சுற்றி வையுங்கள். மாடிவீடுகளின் எல்ஈடி விளக்குகளும் மின்தூக்கிகளும் சிற்றலையில் இரைச்சலை நிரப்பும். மின்சாரம் நின்றால் அந்த இரைச்சலும் அடங்கிவிடும் என்பது ஒரு வேடிக்கையான ஆறுதல்.

மின்சாரத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1990களில் யாழ்ப்பாணத்துக்கு பற்றரி தடைசெய்யப்பட்டிருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பிபிசி தமிழோசை கேட்ட சனம் நாம். இப்போது 12 வோல்ற், 20 அம்பியர்-மணி லித்தியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரி ஒன்றைத் தோளில் சுமக்கலாம். 20 வற் சிற்றலைக் கருவி கேட்கும்போது அரை அம்பியர் அளவிலும், பேசும்போது 5 அம்பியர் அளவிலும் எடுக்கும். பத்தில் ஒரு பங்கு நேரம் பேசினால் ஒரு நாளைச் சமாளிக்கலாம். 60 வற் சூரியத் தகடு நல்ல வெயில் நாளில் அந்தச் செலவின் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். வெள்ள நாளில் வெயிலை நம்ப முடியாது, அதனால் பற்றரியை மாதமொருமுறை சரிபார்த்து நிரப்பி வையுங்கள். பற்றரி முனைக்கு அருகில் ஃபியூஸ் இல்லாமல் எதையும் இணைக்க வேண்டாம்.

உரிமம் பெற விருப்பமில்லாதவர்கள் ஒரு சாதாரண சிற்றலை வானொலி, ரோர்ச், உதிரிப் பற்றரிகளுடன் நிறுத்திக்கொள்ளலாம். சமூக ஊடகங்கள் முடக்கப்பட்ட 2019 ஏப்ரலில் அதுவும் இல்லாத வீடுகளே அதிகம்.

ஹாம் அலைவரிசையில் இரகசியம் கிடையாது. பேசுவதை யாரும் கேட்கலாம், சங்கேத மொழி பாவிக்க முடியாது. ஆனால் தமிழ் சங்கேத மொழியல்ல. நான் தமிழர்களிடம் இந்தப் பரீட்சையை எழுதச் சொல்வதற்குக் காரணமும் அதுதான். 'புதுக்குடியிருப்பில் இருபது குடும்பங்கள், மருந்து வேண்டும்' என்று ஒரு செய்தி வந்தால், அது முல்லைத்தீவுப் புதுக்குடியிருப்பா, மட்டக்களப்புப் புதுக்குடியிருப்பா என்று உடனே திருப்பிக் கேட்க ஊர் தெரிந்த ஒருவர் மறுமுனையில் இருக்க வேண்டும். பையின் கடைசிப் பொருட்கள் ஒரு கொப்பியும் இரண்டு பென்சில்களும். நேரம், அனுப்பியவர், மாவட்டம், ஊர், தேவை என்று கோடு போட்டு வையுங்கள். ஊர்ப்பெயரை ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அடுத்த நிலையத்துக்கு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல வேண்டிவரும். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு ஞாயிறு காலை, மொட்டைமாடியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பையைத் திறந்து கட்டிப் பாருங்கள். முதல் தடவை ஒரு மணித்தியாலம் எடுக்கும்.