பாஸ்வேர்டு 'ஸ்ட்ராங்' என்று பச்சை காட்டினால் போதுமா? பரிசோதனைக் கருவிகளை எவ்வளவு நம்பலாம்?

புது ஆபீசில் முதல் நாள். லேப்டாப் கைக்கு வந்ததும் பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறது. குறைந்தது 8 எழுத்து, அதில் ஒரு கேப்பிட்டல், ஒரு எண், ஒரு சிறப்புக் குறி கட்டாயம். சட்டென்று சொந்த ஊர்ப் பெயர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. கோயம்புத்தூரின் ஆங்கிலப் பெயரை கேப்பிட்டலில் தொடங்கி, கடைசியில் '@123' சேர்க்கிறீர்கள். சிவப்பாக இருந்த பட்டை பச்சையாகிறது. 'ஸ்ட்ராங்' என்கிறது. அப்பாடா, வேலை முடிந்தது!

உண்மையிலேயே முடிந்ததா? பாஸ்வேர்டு வலுவானதா என்று சொல்வதற்கென்றே இணையத்தில் நிறைய தளங்கள் இருக்கின்றன. "இதை உடைக்க பல கோடி ஆண்டுகள் ஆகும்" என்றுகூட சில தளங்கள் சொல்கின்றன. அந்தக் கணக்கு எப்படி வருகிறது, அதை நம்பலாமா என்பதைப் பார்ப்போம்.

கருவி எதை அளக்கிறது?

எளிமையான கருவிகள் பார்ப்பது இரண்டே விஷயங்கள்தான்: பாஸ்வேர்டின் நீளம், அதில் உள்ள எழுத்து வகைகள். ஆங்கில கீபோர்டில் தட்டக்கூடிய குறிகள் 95. நம் ஊர்ப் பெயர் பாஸ்வேர்டில் 14 குறிகள். அதனால் 95-ஐ 14 முறை பெருக்கி, அத்தனை சேர்க்கைகளையும் ஒவ்வொன்றாக முயல வேண்டும் என்று கருவி கணக்குப் போடுகிறது. நொடிக்கு 10,000 கோடி முறை முயன்றாலும் 100 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

கணக்கில் தப்பில்லை. ஆனால், பாஸ்வேர்டு திருடுபவர் யாரும் அப்படி முயல்வதில்லை.

திருடுபவர் எப்படி முயல்கிறார்?

அவர் கையில் ஏற்கனவே பட்டியல்கள் இருக்கின்றன. 2009-ல் 'ராக்யூ' என்ற நிறுவனத்திலிருந்து சுமார் 3.2 கோடி பாஸ்வேர்டுகள் அப்படியே படிக்கக்கூடிய வடிவில் கசிந்தன. அதன் பிறகு நடந்த பல கசிவுகளும் அந்தச் சேகரிப்பைப் பெருக்கிவிட்டன. மனிதர்கள் எப்படிப் பாஸ்வேர்டு வைக்கிறார்கள் என்பதற்கு அதுவே பாடப்புத்தகம்: முதல் எழுத்து கேப்பிட்டல், நடுவில் பெயரோ ஊரோ, கடைசியில் '@123' அல்லது பிறந்த ஆண்டு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பெயர், ஊர், சொல் என 10 லட்சம் வார்த்தைகள். ஒவ்வொன்றுக்கும் 3 விதமான எழுத்து அமைப்பு. எல்லோரும் கடைசியில் சேர்க்கிற 1,000 ஒட்டுகள். பெருக்கினால் 300 கோடி. எம்டி5 போன்ற பழைய முறையில் சேமித்த பாஸ்வேர்டு கசிந்தால், உயர்ரக கேமிங் கிராபிக்ஸ் கார்டு ஒன்றே நொடிக்கு 10,000 கோடிக்கும் மேல் முயன்று பார்க்கும். அந்த 300 கோடியும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். 100 கோடி ஆண்டுகள் எங்கே, ஒரு நொடி எங்கே!

எல்லா கருவிகளும் இப்படித்தானா?

இல்லை. டிராப்பாக்ஸ் நிறுவனம் 2012-ல் வெளியிட்ட ஒரு கருவிக்கு, கீபோர்டின் கீழ் வரிசையில் அடுத்தடுத்து உள்ள 'இசட் எக்ஸ் சி வி பி என்' எழுத்துகளே பெயர். அடிக்கடி வைக்கப்படும் பாஸ்வேர்டுகள், அகராதிச் சொற்கள், பெயர்கள், தேதிகள், கீபோர்டு வரிசைகள் என எல்லாவற்றையும் அது கவனிக்கிறது. 'ஏ'-க்குப் பதில் '@' போட்டாலும் கண்டுபிடித்துவிடும்.

ஆனால் அதன் சொற்பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலம் சார்ந்தவை. விக்கிப்பீடியாவின் ஆங்கிலச் சொற்கள், அமெரிக்கப் பெயர்கள், டிவி, சினிமா வசனங்களில் வரும் சொற்கள். அதனால், ஆங்கில எழுத்தில் எழுதிய உங்கள் குலதெய்வத்தின் பெயரோ பாட்டியின் பெயரோ அதற்கு அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டமாகத் தெரிய வாய்ப்பு அதிகம். இந்தியர்களைக் குறிவைக்கும் ஒருவருக்கு அப்படித் தெரியாது.

கருவிகளுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. பிரபல தளங்களின் கருவிகளை ஆராய்ந்த கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே பாஸ்வேர்டை ஒரு தளம் பலவீனம் என்றும் இன்னொரு தளம் வலுவானது என்றும் காட்டுவதை 2014-ல் வெளியிட்டனர்.

எந்தக் கருவிக்கும் தெரியாதது என்ன?

இரண்டு விஷயங்கள். முதலாவது, அதே பாஸ்வேர்டை நீங்கள் வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்கள் என்பது. ஒரு ஷாப்பிங் தளத்திலிருந்து கசிந்தால், அதையே உங்கள் மெயிலிலும் போட்டுப் பார்ப்பார்கள். மெயில் திறந்துவிட்டால், 'ஃபர்காட் பாஸ்வேர்டு' அழுத்தி மற்ற பல கணக்குகளையும் கைப்பற்றலாம்.

இரண்டாவது, அந்தத் தளம் பாஸ்வேர்டை எப்படிச் சேமிக்கிறது என்பது. பிகிரிப்ட், ஆர்கான்2 போன்ற முறைகள் வேண்டுமென்றே மெதுவாக இயங்கி, திருடுபவரின் வேகத்தைக் குறைக்கும். பழைய முறையில் சேமித்தால் அந்தத் தடை இல்லை. அது உங்கள் கையிலும் இல்லை.

உண்மையான பாஸ்வேர்டை அங்கே டைப் செய்யலாமா?

வேண்டாம். கணக்கைத் திறக்கும்போது அந்தத் தளமே காட்டும் பட்டை வேறு. அங்கே எப்படியும் பாஸ்வேர்டைக் கொடுக்கத்தான் போகிறீர்கள். சம்பந்தமில்லாத மூன்றாம் தளம் வேறு. பல தளங்கள் கணக்கை உங்கள் பிரவுசருக்குள்ளேயே போடுகின்றன, எதையும் வெளியே அனுப்புவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதைச் சாதாரணமாகப் பார்த்துச் சொல்ல முடியாது. நெட்டை ஆஃப் செய்து சோதித்தாலும், மறுபடி ஆன் செய்ததும் அனுப்பாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆசைக்குச் சோதிக்க வேண்டுமானால், அதே மாதிரி அமைப்புள்ள வேறொன்றை டைப் செய்யுங்கள்.

கசிந்ததா என்று பார்க்கும் சேவைகள்?

இவை வேறு ரகம். ஆஸ்திரேலியாவின் ட்ராய் ஹன்ட் நடத்தும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளம், கசிந்த பாஸ்வேர்டுகளின் பெரிய பட்டியலை வைத்திருக்கிறது. உங்கள் பாஸ்வேர்டு முதலில் உங்கள் கருவியிலேயே ஒரு சங்கேத வரிசையாக மாற்றப்படும். அதன் முதல் 5 குறிகள் மட்டுமே வெளியே போகும். அதே 5 குறிகளில் தொடங்கும் எல்லா வரிசைகளும் திரும்பி வரும். பொருந்துகிறதா என்பது உங்கள் பக்கத்திலேயே பார்க்கப்படும். முழு பாஸ்வேர்டு தளத்துக்குத் தெரியாது.

கூகுள், ஆப்பிளின் பாஸ்வேர்டு மேனேஜர்களிலும் கசிவு எச்சரிக்கை வசதி உள்ளது. அதனால் தனியாக ஒரு தளத்துக்குப் போக வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை.

அப்போ என்ன பண்ணலாம்?

* 'வீக்' என்று சொன்னால் கருவியை நம்புங்கள், உடனே மாற்றுங்கள். 'ஸ்ட்ராங்' என்று சொன்னால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

* ஒவ்வொரு கணக்குக்கும் தனி பாஸ்வேர்டு. அதை நீங்கள் யோசிக்க வேண்டாம், பாஸ்வேர்டு மேனேஜரே உருவாக்கட்டும்.

* மனப்பாடமாக வைக்க வேண்டிய ஒன்றிரண்டுக்கு, தாயக்கட்டை போல எதேச்சையாகத் தேர்ந்த 6 சொற்களைச் சேர்க்கலாம். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டி எடுத்தால், அந்தப் பட்டியலே திருடுபவர் கையில் இருந்தாலும், மேலே சொன்ன வேகத்தில் எல்லாவற்றையும் முயன்று முடிக்க சுமார் 70,000 ஆண்டுகள் ஆகும். பாட்டு வரி, பழமொழி வேண்டாம்.

* முதலில் மெயிலுக்கும் வங்கிக் கணக்குக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். பாஸ்கீ வசதி இருந்தால் அதற்கு மாறுங்கள்.

அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், கேப்பிட்டல், எண், சிறப்புக் குறி என்று கட்டாயப்படுத்த வேண்டாம், கசிந்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று 2017-லேயே சொல்லிவிட்டது. பல ஆபீஸ்கள் இன்னும் பழைய விதியில்தான் இருக்கின்றன. விதியை உங்களால் மாற்ற முடியாமல் போகலாம். ஆனால் ஊர்ப் பெயரோடு '@123' போட்ட அந்த பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றலாம்.