கிண்டிக் கல்லூரியின் வாசலைத் திறந்த தாள்கள்

கிண்டி பொறியியல் கல்லூரி குன்றத்தூரிலிருந்து ஒரு பேருந்துப் பயண தூரத்தில்தான் இருக்கிறது. ஒரகடம் எதிர்த்திசையில். நம் சேரிப் பிள்ளைகள் பலர் காலையில் ஏறுவது அந்த எதிர்த்திசையில் போகும் கம்பெனி வண்டியில். டிப்ளமோ முடித்துவிட்டு கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் நம் வாசிப்பு வட்டத்தில் சொன்னார்: "அண்ணே, கிண்டியெல்லாம் மார்க்குக்காரங்க இடம். நமக்கு எப்பவுமே அங்க இடம் இருந்ததில்ல."

'எப்பவுமே' என்ற சொல்லைத்தான் நாம் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு கல்லூரியில் யாரைச் சேர்ப்பது என்பது காற்றில் முடிவாவதில்லை. அதை யாரோ ஒருவர் தாளில் எழுதுகிறார். கிண்டியின் வரலாற்றில் அப்படி எழுதப்பட்ட தாள்களை எடுத்துப் பார்த்தால், மதிப்பெண் அந்த வாசலுக்கு எவ்வளவு பிந்தி வந்தது என்பது தெரியும்.

கல்லூரியின் தொடக்கம் 1794. மைக்கேல் டாப்பிங் என்ற கம்பெனி நில அளவையாளரின் யோசனைப்படி சென்னையில் ஒரு சர்வே பள்ளி தொடங்கப்பட்டது. முதல் மாணவர்கள் எட்டுப் பேர். அவர்கள் எந்தத் தரவரிசைப் பட்டியலிலிருந்தும் வந்தவர்கள் அல்லர், அநாதை இல்லத்தில் வளர்ந்த சிறுவர்கள். கம்பெனிக்கு நிலத்தை அளக்க ஆள் வேண்டும், ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தால் செலவு அதிகம். ஆகவே ஆதரவற்ற பையன்களை எடுத்துக் கற்றுக்கொடுத்தார்கள், அவர்களும் கற்றுக்கொண்டார்கள். ஆசியாவின் மிகப் பழைய தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களுள் ஒன்று என்று இன்று பெருமை பேசப்படும் இடம், வாய்ப்புக் கொடுத்தால் யாரும் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் தொடங்கியது. 1858-இல் அது சிவில் இன்ஜினியரிங் பள்ளி, அடுத்த ஆண்டு கல்லூரி. பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. இன்றைய கிண்டி வளாகத்துக்கு வந்தது 1920-இல்.

அடுத்த தாளை நாம் மரியாதையோடுதான் எடுக்கிறோம். அ. லலிதா பதினெட்டு வயதில் விதவையானவர். கையில் நான்கு மாதக் குழந்தை. அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டிக் கல்லூரியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். மகளைச் சேர்க்க வேண்டும் என்று அவர் முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார், பொதுக் கல்வி இயக்குநர் ஸ்டாத்தமின் ஒப்புதலும் கிடைத்தது. 1940-இல் அதுவரை ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரிக்குள் லலிதா நுழைந்தார், பின்னர் இன்னும் இரண்டு பெண்களும். சான்றிதழ்ப் படிவத்தில் ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலாகத் திருத்திக் கொடுக்க வேண்டியிருந்தது. நாட்டின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவர் இப்படித்தான் உருவானார்.

லலிதாவின் திறமையில் நமக்குச் சந்தேகம் ஒன்றுமில்லை. ஆனால் கதவு எப்படித் திறந்தது என்று பாருங்கள். உள்ளே இருந்த ஒருவர் தன் மேலதிகாரியிடம் கேட்டார், மேலதிகாரி சம்மதித்தார். 146 ஆண்டு வழக்கம் ஓர் ஒப்புதலில் மாறியது. யாரும் 'தரம் கெட்டுவிடும்' என்று நீதிமன்றம் போகவில்லை. 1940-இல் குன்றத்தூரிலோ மாங்காட்டிலோ நெல் வயலில் நின்ற ஒரு பறையர் வீட்டுப் பெண்ணுக்கு அந்த ஒப்புதலை வாங்கித்தர கல்லூரிக்குள் யார் இருந்தார்கள்? பரிந்துரைக் கடிதம் உறவு உள்ளவர்களுக்கு வேலை செய்யும். உறவே இல்லாதவர்களுக்கு அரசாணைதான் வேண்டும்.

அந்த அரசாணையின் கதை நீதிக்கட்சி காலத்தில் தொடங்குகிறது. வகுப்புவாரி ஆணை 1921-இல் வந்தது. ஆனால் அமைச்சர் எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியில் அரசு வேலைகளுக்கு அது உண்மையில் நடைமுறையானது 1927-க்குப் பிறகுதான். 12 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 2, நமக்கு 1. மக்கள்தொகையில் 3 விழுக்காடு அளவில் இருந்த பிராமணர்களின் பங்கில் பாதி! நீதிக்கட்சி நம்மை ஓரங்கட்டுகிறது என்று சொல்லி எம்.சி. ராஜா 1923-இலேயே அக்கட்சியை விட்டு வெளியேறியிருந்தார். அவர் பிறந்தது பரங்கிமலை, கிண்டிக்குப் பக்கத்து ஊர். சமூகநீதி வரலாற்றைப் பெருமையோடு சொல்லும் மேடைகளில் இந்த வெளியேற்றத்தை அதிகம் கேட்க முடிவதில்லை. நாம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

1947-இல் கணக்கு 14 ஆனது. பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, 'அரிசனர்' 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர் 1, முஸ்லிம் 1. அந்தச் சொல் நமக்கு உவப்பானது அல்ல, ஆனால் தாளில் அப்படித்தான் இருக்கிறது. அரசுப் பொறியியல், மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் தேர்வுக் குழு இந்த விகிதத்தைத்தான் பின்பற்றியது. யாரையும் தெரிந்திருக்காத, யாரிடமும் பேசிப் பார்க்க முடியாத ஒரு குடும்பத்துக்கு, 14-இல் 2 என்ற எண்தான் சிபாரிசு.

மூன்றாவது தாள் 1950-இல் உயர் நீதிமன்றத்துக்குப் போன மனு. சி.ஆர். சீனிவாசன் கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தவர். விருப்பப் பாடங்களில் 450-க்கு 369 மதிப்பெண். வகுப்புவாரி ஆணை இல்லாவிட்டால் தனக்கு இடம் கிடைத்திருக்கும் என்றார். செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரி தொடர்பாக வழக்குத் தொடுத்தார். அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததால் போடவில்லை என்றார். கல்லூரிக்கு எழுதப்படாத ஒரு விண்ணப்பத்தை வைத்து ஒரு மாகாணத்தின் சேர்க்கை முறையே கவிழ்ந்தது. அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் மாணவர் தரப்பில் வாதாடினார். 1950 ஜூலை 27-இல் உயர் நீதிமன்றம் ஆணையைச் செல்லாது என்றது. 1951 ஏப்ரல் 9-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அதை உறுதி செய்தார்கள்.

இந்த வழக்கைப் பிராமணர், பிராமணரல்லாதார் சண்டையாக மட்டுமே நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தீர்ப்பை நம் பக்கத்திலிருந்து படியுங்கள். அதே நாளில் வெங்கட்ரமணா வழக்கில், அரசு வேலையில் பட்டியல் சாதியினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்குமான ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வேலைக்கு 16(4) என்ற பிரிவு இருந்தது. கல்லூரிச் சேர்க்கைக்கு அப்படி ஒரு பிரிவு எழுதப்படவில்லை. நலிந்த பிரிவினரின் கல்வியை, குறிப்பாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கல்வியை அரசு வளர்க்க வேண்டும் என்று 46-ஆவது பிரிவு சொல்கிறதே என்று மாநில அரசு காட்டியது. அது வழிகாட்டு நெறிதான், அடிப்படை உரிமைக்குக் கீழேதான் நிற்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஆகவே ஒரே நாளில், பியூன் வேலையில் நமக்குப் பங்கு செல்லும், பொறியியல் படிப்பில் செல்லாது. தங்களுக்கு இரண்டு இடம் போதாது என்று சிலர் போட்ட வழக்கில் நம்முடைய இரண்டும் சேர்ந்தே போயிற்று.

தமிழகம் கொந்தளித்தது, பெரியாரின் இயக்கம் தெருவில் இறங்கியது. அண்ணல் அம்பேத்கர் அப்போது சட்ட அமைச்சர். 1951 ஜூன் 18-இல் முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. அதில் சேர்ந்த 15(4) பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. தீர்ப்புக்கும் திருத்தத்துக்கும் இடையே பத்து வாரம். இன்று கிண்டியில் நமக்குள்ள 18 விழுக்காட்டுக்கு அந்தப் பிரிவுதான் அடித்தளம்.

ஆனால் நம் பகுதியைச் சுற்றி நிற்பவை பெரும்பாலும் சுயநிதிக் கல்லூரிகள். தமிழ்நாட்டில் சிறுபான்மையர் அல்லாத தனியார் பொறியியல் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களைக் கலந்தாய்வுக்குத் தருகின்றன, சிறுபான்மையர் கல்லூரிகள் 50. மீதி மேனேஜ்மென்ட் கோட்டா. அங்கே பழைய முறைதான், தெரிந்தவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூடவே பணமும் வேண்டும். அந்த இடங்களில் சேருபவர்களிடம் யாரும் 450-க்கு எத்தனை என்று கேட்பதில்லை.

கல்லூரியைத் தாண்டினால் ஒரகடம். சிப்காட் நிலம் அரசு எடுத்துக் கொடுத்தது, சாலையும் மின்சாரமும் அரசு கொடுத்தவை. 16(4) மட்டும் தொழிற்சாலை வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. உள்ளே வேலைக்கு ஆள் எடுக்க இன சுழற்சிப் பட்டியல் கிடையாது. மனிதவளப் பிரிவில் நம் தம்பியிடம் முதலில் கேட்ட கேள்வி, "யார் ரெஃபரன்ஸ்?"