பாக்குக் கிடங்கில் எழுதப்பட்ட நாட்கள்

ஒவ்வோர் ஆண்டும் சனவரி பிறக்கும் முன்பே நம்மில் பலர் புதிய நாட்குறிப்பேடு ஒன்றை வாங்கிவிடுகிறோம். பொங்கல் வரை பக்கங்கள் நிரம்புகின்றன. மாசி பிறப்பதற்குள் அதே ஏட்டில் பால் கணக்கும் சலவைக் கணக்கும் ஏறிவிடுகின்றன! ‘நமக்கு எழுத்து வராது’ என்று சொல்லிக்கொண்டு அதை அலமாரியில் வைத்துவிடுகிறோம். இருபத்தைந்து ஆண்டுகள் இடைவிடாமல் எழுத முயன்ற ஒருவரைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். அவர் புலவரல்லர், வணிகர். புதுவை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை வரலாற்றுச் செய்திகளுக்காகப் புரட்டியோர் பலர். நாம் இங்கு நோக்க விரும்புவது அவருடைய எழுதும் பழக்கத்தை மட்டுமே.

1709-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர் ஆனந்தரங்கர். பிரெஞ்சுக் கும்பினியின் தரகராக விளங்கிய உறவினர் நைனியா பிள்ளையின் அழைப்பின்பேரில் அவர் தந்தை திருவேங்கடம் பிள்ளை புதுவைக்குக் குடிபெயர்ந்தார். அந்த நைனியா பிள்ளைக்கு நேர்ந்த கதியை நாம் மறந்துவிடலாகாது. 1716-இல் ஆளுநர் எபேர் அவரைச் சிறையிலிட்டார். வழக்கு நடந்தது, தண்டனை கிடைத்தது, 1717-இல் சிறையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அவர் மகன் குருவப் பிள்ளை பிரான்சு வரை சென்று முறையிட்டார். தீர்ப்புத் தவறென்று அறிவிக்கப்பட்டபோது, அதைக் கேட்க நைனியா பிள்ளை இல்லை. யார் எப்போது என்ன சொன்னார் என்பதற்கு ஏட்டில் சான்று இருத்தல் ஒரு குடும்பத்தின் வாழ்வையே காக்கவல்லது என்பதை எட்டு வயதுச் சிறுவன் அன்றே உணர்ந்திருப்பான் என்பது நம் ஊகம்.

நள ஆண்டு ஆவணித் திங்களில், அதாவது 1736 செப்டம்பர் 6-ஆம் நாள், நாட்குறிப்பு தொடங்குகிறது. அப்போது பிள்ளைக்கு வயது இருபத்தேழு. அவர் தமக்கு விதித்துக்கொண்ட எல்லை மிகச் சிறியது. தாம் கண்டது, செவியில் விழுந்தது, கப்பல்களின் வரவும் போக்கும், ஊரில் நிகழும் புதுமைகள் ஆகிய இவ்வளவே! தத்துவ விசாரம் செய்வதாகவோ பிறருக்கு வழிகாட்டுவதாகவோ அவர் சொல்லிக்கொள்ளவில்லை. இந்தச் சிறிய எல்லைதான் அவரைக் காப்பாற்றியது என்று கருதுகிறோம்.

தொடக்கத்திலேயே அவர் நாள்தோறும் பக்கம் பக்கமாக எழுதினார் என்று எண்ணிவிட வேண்டாம். 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் எடுப்போர்க்கு ஓர் உண்மை உடனே புலப்படும். முதல் பத்தாண்டுகள் ஏறத்தாழ ஒரே தொகுதிக்குள் அடங்கிவிடுகின்றன. அடுத்து, 1746-ஆம் ஆண்டின் சில மாதங்களுக்கு மட்டும் ஒரு முழுத் தொகுதி தேவைப்படுகிறது! அவ்வாண்டில்தான் தலைமைத் துபாசி கனகராய முதலியார் மறைந்தார். அப்பதவி யாருக்கு என்ற போட்டி மூண்டது. செப்டம்பரில் லபூர்தொனே சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினார். பத்தாண்டுகள் மெலிந்து ஓடிய ஓடை அங்கே ஆறாகப் பெருகுகிறது. விட்டுவிட்டு எழுதிய காலத்திலும் ஏட்டை அவர் மூடிவைத்துவிடவில்லை என்பதால்தான், எழுத வேண்டிய காலம் வந்தபோது கை தயாராக இருந்தது.

எழுத அவருக்கு நேரம் எங்கே கிடைத்தது என்று வாசகர்கள் வினவலாம். துணி வணிகம், ‘ஆனந்தப்புரவி’ என்னும் சொந்தக் கப்பல், ஆளுநர் துய்ப்ளேயிடம் நாள்தோறும் செல்ல வேண்டிய கடமை என ஓய்வின்றி இருந்தவர் அவர். நாட்குறிப்பில் அடிக்கடி வரும் இடம் அவருடைய பாக்குக் கிடங்கு. அங்கேதான் அமர்வார், அங்கேதான் வணிகர்களும் தூதர்களும் வம்பளப்போரும் வந்து சேர்வர். எழுதுவதற்கென்று ஓர் அமைதியான ஆற்றங்கரையை அவர் தேடிப் போகவில்லை. ஆண்டு, திங்கள், நாள், கிழமை என்று வரிசையாகக் குறித்துவிட்டு அன்றைய நடப்பைப் பதியும் அவர் முறையைப் பாருங்கள். அது வணிகர் நாட்கணக்கின் முறையன்றோ! எந்த நல்ல வணிகரும் மனநிலை சரியில்லை என்று வரவு செலவைப் பதியாது விடுவதில்லை. சரக்கின் வரவைப் பதிந்த கை, சொற்களின் வரவையும் அவ்வாறே பதிந்தது. பால் கணக்கு ஏறிய நம் ஏடும் அப்படியொன்றும் இழிந்ததன்று போலும்!

மொழி பற்றிய அச்சமும் அவரிடம் காணப்படவில்லை. அவரைப் புகழ்ந்து தமிழில் தியாகராச தேசிகர் ‘ஆனந்தரங்கன் கோவை’ பாடினார். வடமொழியில் சீனிவாச கவி ‘ஆனந்தரங்க விசய சம்பு’ இயற்றினார். புலமைத் தமிழின் சுவையை நன்கறிந்த புரவலர் அவர். ஆயினும் தம் ஏட்டில் அந்த நடையைத் தொடவேயில்லை. பேசியவாறே எழுதினார். தெலுங்கும் பாரசீகமும் போர்த்துகீசும் பிரெஞ்சும் கலந்த துறைமுகத் தமிழ் அது. நீண்ட வாக்கியங்கள் மூச்சுவிடாமல் ஓடும். இலக்கண ஆசிரியர் எவரேனும் திருத்தத் தொடங்கினால் சிவப்பு மை தீர்ந்துவிடும். ஆனால், அந்தத் தமிழில்தான் துய்ப்ளேயின் சினமும் அவர் மனைவியின் சூழ்ச்சிகளும் உயிரோடு நடமாடுகின்றன.

அவர் நடுநிலையாளர் என்று நாம் வாதிடவில்லை. பிறர் தம்மைப் புகழ்ந்த சொற்களை விடாமல் பதிவார். பகைவரைப் பற்றிய வதந்திகளுக்கும் தாராளமாக இடம் தருவார். சோதிடத்தில் ஆழ்ந்த நம்பிக்கை வேறு. இருப்பினும் 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட நிகழ்ச்சியை அவர் எழுதியிருக்கும் பக்கங்களை நோக்குங்கள். எந்த ஆளுநரின் நிழலில் தம் செல்வம் முழுதும் இருந்ததோ, அந்த ஆளுநரின் ஆட்சியில் நேர்ந்த அக்கொடுமையை அவர் மறைக்கவில்லை. வெளியே சொல்ல இயலாதது ஏட்டில் இடம்பெற்றது. அது பகைவர் கையில் சிக்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நைனியா பிள்ளையின் உறவினருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1754-இல் துய்ப்ளே பிரான்சுக்குத் திரும்பினார். பிள்ளையின் செல்வாக்கும் உடல்நலமும் குன்றின. எழுத்து மட்டும் நிற்கவில்லை. 1761 சனவரியில் அவர் மறைந்தார். அதே திங்களில் புதுவை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அவ்வேடுகள் அச்சு முகம் காணாமல் வீட்டிலேயே கிடந்தன. 1846-இல்தான் கல்லுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார்.

ஆனால், எண்பத்தைந்து ஆண்டுகள் அவற்றை எவருமே படிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. அவர் மறைந்தபின், அண்ணன் தம்பி உறவில் மகன் முறையினரான திருவேங்கடம் பிள்ளை நாட்குறிப்பை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து எழுதினார். அதே புதுவையில் 1778 முதல் 1792 வரை இரண்டாம் வீரா நாயக்கர் என்பவரும் ஒரு நாட்குறிப்பு எழுதி வைத்தார்.