போன எழுத்து திரும்பி வருமா?

மைக்ரோகண்ட்ரோலர் படிக்கும் பிள்ளைகள் ஆரம்பத்திலேயே செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. கணினியில் ஒரு எழுத்தை அடித்தால், அது கம்பி வழியே அந்தச் சின்னப் பலகைக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து திரையில் தெரிய வேண்டும். இதற்கு 'எக்கோ' என்று பெயர். நம் வயதுக்காரர்களுக்கு இந்த எண்ணம் புதிதல்ல.

இதன் வேகத்தை 'பாட்' என்ற அலகால் சொல்கிறார்கள். 1845-ல் பிறந்த எமில் போதோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர் அது. பிரெஞ்சு வழியில் படித்த எனக்குப் 'போதோ' என்றுதான் வாயில் வரும். அவர் தந்தி இலாகாவின் சாதாரண ஊழியர். தன் தந்தி முறைக்கு 1874-ல் காப்புரிமை பெற்றார்; ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்து துடிப்புகள் என்ற முறையைப் பயன்படுத்தினார்.

எங்கள் திருமுடிவாக்கத்துக்கு அதிக தூரமில்லாத கிண்டியில், 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ், இத்தாலியின் ஒலிவெட்டி உதவியோடு டெலிபிரிண்டர்கள் செய்தது. 50 பாட் வேகத்தில் நொடிக்கு ஆறேழு எழுத்து ஓடும். இன்றைய பலகையில் சாதாரணமான 9600 பாட் என்றால், எழுத்துக்குப் பத்துத் துடிப்பு வீதம், நொடிக்கு 960 எழுத்து.

டெலிபிரிண்டரில் நாம் அடிப்பது நம் தாளிலும் விழும். அதனால் மட்டும் அந்தப் பக்கமும் சரியாக விழுந்தது என்று அர்த்தமில்லை. ஆகவே டெலக்ஸில் 'நீ யார்?' என்று கேட்க ஒரு விசை இருந்தது. எதிர்முனையில் ஆள் இல்லாவிட்டாலும் இயந்திரமே தன் அடையாளக் குறியை அனுப்பும். செய்தியின் முன்னும் பின்னும் அதை வாங்கி வைத்துக்கொள்வதே அன்று வழக்கமாக இருந்தது, அதுதான் சாட்சி. தந்தி இருந்த காலத்தில், கூடுதல் கட்டணம் கட்டினால், அதிலும் வாசகத்தைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார்கள். பிரெஞ்சில் அதற்குக் 'கொலாசியோன்மான்' என்று பெயர்.

பலகை எழுத்தைத் திருப்பி அனுப்ப, நம் கணினியும் தானே காட்டினால், 'ராமா' என்பது 'ராராமாமா' ஆகிவிடும். இரண்டில் ஒன்றை நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டியது கணினியின் எக்கோவை. பலகையிலிருந்து வருவதுதான் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி. சென்னை ஐஐடியின் சக்தி நுண்செயலிப் பலகைகளிலும் இந்தத் தொடர் இணைப்பு உண்டு.

ஆனால் ஒன்று. முன்பு பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை திரும்பி வந்தால் மனு போய்ச் சேர்ந்தது என்றுதான் பொருளாக இருந்தது, படித்துவிட்டார்கள் என்றல்ல. எக்கோவும் அப்படியே.

ஏடிஎம்மில் ரகசிய எண்ணை அடித்தால் நட்சத்திரம் மட்டும் தெரிகிறதே என்று நம்மில் சிலர் பதறி மறுபடி அடிக்கிறோம். வேண்டாம். எண் போய்ச் சேர்ந்துவிட்டது. பக்கத்தில் நிற்பவர் பார்க்கக் கூடாது என்றுதான் இயந்திரம் அதை வேண்டுமென்றே திருப்பிக் காட்டுவதில்லை.