முடிவும் மறுதொடக்கமும்: வீடியோ விளையாட்டின் இறுதிக்கட்டம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கதையொன்றின் முடிவு குறித்து அதனை நுகர்வோர் மனக்குறைப்படுவது புதியதொன்றன்று. சார்ள்ஸ் டிக்கின்ஸ் தமது 'கிறேற் எக்ஸ்பெக்ரேஷன்ஸ்' நாவலின் இறுதிப் பகுதியை, 1861ஆம் ஆண்டு, அது வெளிவருமுன்னரே சக எழுத்தாளர் ஒருவரின் ஆலோசனைக்கிணங்க மாற்றி எழுதினார். ஆதர் கொனன் டொயில் 1893இல் சாகடித்த ஷேர்லொக் ஹோம்ஸ், வாசகரின் வற்புறுத்தலும் சஞ்சிகைகள் அளிக்க முன்வந்த ஊதியமும் ஒருங்கே தொழிற்பட்டமையால் 1903இல் உயிர்பெற்று வந்தான். முடிவு என்பது படைப்பாளியின் தனிமனச் சிந்தனையில் மட்டும் உருவாவதன்று. சந்தையும் வாசகரும் அதில் பங்குகொள்கின்றனர் என்பதற்கு இவை தக்க சான்றுகளாகும்.

இந்த உண்மை மிகத் தெளிவாகப் புலப்படும் இக்காலக் கலைவடிவம் வீடியோ விளையாட்டாகும். இதனை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கும் போக்கு முற்போக்கு விமரிசகரிடையேயும் காணப்படுகின்றது. நாவலும் சினிமாவும் ஒரு காலத்தில் இவ்வாறே ஒதுக்கப்பட்டன என்பது மனங்கொள்ளத்தக்கது. இவ்விளையாட்டுகள் பல ஏமாற்றமளிக்கும் வகையில் முடிவதையும், முடிந்த ஆட்டத்தை ஈட்டிய ஆற்றல்களோடு மீண்டும் தொடங்க இடமளிக்கும் 'நியூ கேம் பிளஸ்' என்னும் மறுதொடக்க முறையையும் தனித்தனியான இரு விடயங்களாகக் கருதுவது வழக்கம். உண்மையில் இவையிரண்டும் ஒரே பொருளியல் நெருக்கடியிலிருந்து தோன்றியவை என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்ககால விளையாட்டுகளுக்கு முடிவே இருக்கவில்லை. யப்பானின் ரைற்ரோ கம்பனி 1978இல் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் பகைவர் அணி அணியாக வந்துகொண்டேயிருப்பர். ஆடுபவர் தோற்கும்வரை ஆட்டம் நீளும். நாணயத்தை இட்டு இயக்கும் பொது இயந்திரத்தின் வருவாய், ஆடுபவர் விரைவில் தோற்று அடுத்த நாணயத்தை இடுவதிலேயே தங்கியிருந்தது. வெற்றியான முடிவு அங்கு வருவாய்க்கு முரணானது. 1980இல் நாம்கோ கம்பனி வெளியிட்ட 'பக்மான்' இதற்கு மேலும் பொருத்தமான உதாரணமாகும். அதன் கட்ட எண் ஒரே பைற்றில் பதிவு செய்யப்பட்டது. ஒரு பைற்றில் 255இற்கு மேல் எண்ணவியலாது. ஆகவே 256ஆம் கட்டத்தை அடைந்த திறமைசாலியின் முன், திரையின் வலப்பாதி சிதைந்த எழுத்துகளாலும் குறிகளாலும் நிரம்பியது. அதற்கப்பால் செல்ல வழியில்லை. எவரும் எழுதாத இம்முடிவை எண்ணிக்கையின் எல்லையே எழுதியது.

வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் கருவிகள் பரவியபோது நிலைமை மாறியது. நாணயத்திற்குப் பதிலாக முழு விளையாட்டையும் பணம் கொடுத்து வாங்கியவர் அதற்கொரு நிறைவை எதிர்பார்த்தார். ஆனால் நினைவகம் விலையுயர்ந்த பொருளாயிருந்தது. 1985இல் நின்ரெண்டோ வெளியிட்ட 'சுப்பர் மாரியோ பிறதேர்ஸ்' முழுவதும் ஏறத்தாழ 40 கிலோபைற் அளவினுள் அடங்கியது. இத்தகைய நெருக்கடியில், நீண்ட உழைப்பின் இறுதியில் ஆடுபவர் கண்டது பெரும்பாலும் ஓரிரு வரி வாழ்த்துரையே. 1988இல் அமெரிக்காவில் வெளிவந்த 'கோஸ்ற்பஸ்ரர்ஸ்' விளையாட்டின் முடிவு, கறுப்புத் திரையில் எழுத்துப் பிழைகள் மலிந்த சில வாக்கியங்களோடு நின்றது. அது இன்றளவும் நகைப்புக்குரியதாக நினைவுகூரப்படுகின்றது. ஆயின் நகைப்போடு நின்றுவிடுதல் ஆய்வாகாது. தயாரிப்பு ஒழுங்கில் முடிவே பெரும்பாலும் கடைசியில் செய்யப்படுவது. தொடங்குவோரில் பலர் அதுவரை செல்வதுமில்லை. ஆதலால் பணமோ நினைவகமோ காலமோ குறையும்போது முதலில் வெட்டுப்படுவது அதுவே.

இதே பற்றாக்குறைதான் மறுதொடக்கத்தையும் ஈன்றது. 1985இல் கப்கொம் கம்பனி வெளியிட்ட 'கோஸ்ற்ஸ் அண்ட் கொப்ளின்ஸ்' விளையாட்டில், கடும் முயற்சியோடு இறுதிக்கு வந்தவருக்கு அதுகாறும் கண்டது மாயையென்றும், முழுவதையும் இரண்டாம் முறை ஆடவேண்டுமென்றும் அறிவிக்கப்பட்டது. இது ஆடுபவரின் நேரத்தைச் சுரண்டி ஆட்டத்தின் அளவைப் பெருக்கிக் காட்டும் உபாயமெனலாம். 'சுப்பர் மாரியோ' இளவரசியை மீட்டவருக்குச் சற்றே கடினமாக்கப்பட்ட அதே உலகை மீண்டும் வழங்கியது. 1986இல் வெளிவந்த 'செல்டா'வோ ஒருபடி மேலே சென்றது. நிலவறைகளுக்கென ஒதுக்கிய இடத்தில் பாதி மட்டுமே தவறுதலாகப் பயன்படுத்தப்பட்டதையும், எஞ்சிய பாதியைக்கொண்டு இரண்டாவது தேடலொன்றை அமைக்கலாமென மியாமொத்தோ கூறியதையும் அதன் ஆக்குநர்கள் பின்னாளில் நேர்காணலொன்றில் நினைவுகூர்ந்துள்ளனர். முதலாவது உதாரணத்தில் வலிந்து சுமத்திய மறுதொடக்கம், இங்கு முற்றிலும் புதிய நிலவறைகளைக் காணும் வாய்ப்பாகின்றது.

இம்முறைக்குப் பெயரும் முழுமையான வடிவமும் கிடைத்தது 1995இல் ஸ்குவெயர் கம்பனி வெளியிட்ட 'குறோனோ றிகர்' வாயிலாகவாகும். ஆட்டத்தை முடித்தவர் தாம் ஈட்டிய ஆற்றலையும் பெரும்பாலான ஆயுதங்களையும் சுமந்துகொண்டு தொடக்கத்திற்குத் திரும்பலாம். இறுதிப் பகையைக் கதையின் பல்வேறு கட்டங்களில் எதிர்கொள்ளலாம். எப்போது வெல்கிறாரோ அதற்கேற்ப முடிவு வேறுபடும். இவ்வாறு பத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் அமைந்தன. இக்கதை காலப்பயணம் பற்றியதென்பதை மறத்தலாகாது. வரலாற்றைத் திருத்தலாம் என்னும் உள்ளடக்கமும், முடிந்ததை மீண்டும் தொடங்கலாம் என்னும் உருவமும் இங்கு இயைந்து நிற்கின்றன.

நினைவகப் பஞ்சம் குறுந்தட்டுகளின் வருகையோடு நீங்கியது. ஆயினும் ஏமாற்றமளிக்கும் முடிவுகள் நீங்கவில்லை. இப்போது அருகியது காலம். ஒப்சிடியன் நிறுவனம் உருவாக்கிய 'நைற்ஸ் ஒஃப் தி ஓல்ட் றிப்பப்ளிக்' இரண்டாம் பாகம், பண்டிகைக்கால விற்பனையைக் கருதி 2004 டிசெம்பரில் அவசரமாக வெளியிடப்பட்டது. அதன் இறுதிப் பகுதி குறைப்பிரசவமாயிற்று. தட்டிலேயே பயன்படுத்தப்படாது கிடந்த உரையாடல்களையும் காட்சிகளையும் தேடியெடுத்து, பல ஆண்டுகள் ஊதியமின்றி உழைத்து, அம்முடிவை ஓரளவு மீளமைத்தவர்கள் அதனை ஆடிய இரசிகர்களே. தொழிலாளர் செய்து முடிக்க அனுமதிக்கப்படாத வேலையை நுகர்வோர் செய்து முடித்தமை வரலாற்றில் குறிப்பிடத்தக்கதொரு நிகழ்ச்சியாகும்.

இணையவழி விற்பனை பெருகியபின் முடிவு தனியே விற்கத்தக்க பண்டமாகவும் மாறியது. பெதெஸ்டா நிறுவனத்தின் 'ஃபோல்அவுற் 3' 2008 ஒக்ரோபரில் வெளிவந்தது. அதன் இறுதியில் கதைத்தலைவர் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் சென்று உயிர்துறக்க நேர்ந்தது. கதிர்வீச்சால் பாதிக்கப்படாத தோழன் அருகிலிருந்தும் அப்பணியை ஏற்க மறுத்தான். தர்க்கத்திற்கொவ்வாத இம்முடிவை ஆடுபவர் கண்டித்தனர். 2009 மே மாதம் வெளிவந்த கூடுதற் பகுதியில் தோழன் இணங்கினான், தலைவர் உயிர்தப்பினார், ஆட்டமும் தொடர்ந்தது. ஆனால் அத்திருத்தத்தைப் பெறத் தனியே பணம் செலுத்த வேண்டியிருந்தது.

இம்முரண்பாடு உச்சம் பெற்றது 2012 மார்ச்சில் வெளிவந்த 'மாஸ் எஃபெக்ற் 3' விடயத்திலாகும். கனடாவின் பயோவெயர் நிறுவனம் 2007 முதல் மூன்று பாகங்களாக வெளியிட்ட இத்தொடரில், ஆடுபவரின் தெரிவுகள் ஒரு பாகத்திலிருந்து அடுத்ததற்குக் கொண்டுசெல்லப்பட்டன. இறுதியிலோ அவையனைத்தும் பெரும்பாலும் நிறத்தால் மட்டுமே வேறுபட்ட சில காட்சிகளுள் ஒடுங்கின. எதிர்ப்பாளர்கள் சிறுவர் அறநிதியொன்றுக்கு 80,000 டொலருக்கு மேல் திரட்டியும், மூவேறு நிறங்களில் ஒரே சுவையுடைய 400 சிற்றுகேக்குகளை நிறுவனத்துக்கு அனுப்பியும் தம் கருத்தை வெளிப்படுத்தினர். ஜூன் மாதம் விரித்துரைக்கப்பட்ட முடிவு இலவசமாக வழங்கப்பட்டது.

அப்போதெழுந்த விவாதத்தில் ஒரு சாரார் கலைஞனின் சுதந்திரத்தையும் மறுசாரார் நுகர்வோரின் உரிமையையும் முன்வைத்தனர். இவ்விரு வாதங்களும் குறைபாடுடையவை. நூற்றுக்கணக்கானோர் கம்பனியொன்றின் கால அட்டவணைக்குள் உழைத்து ஆக்கிய பொருளைத் தனிக்கலைஞனின் சுதந்திரச் சிருஷ்டி எனல் பொருந்தாது. அவ்வாறே, பல நூறு மணித்தியாலத் தெரிவுகளால் கதையை உருவாக்குவதில் பங்குகொண்டவரை வெறுமனே பணம் கொடுத்து வாங்கியவராகக் கருதுவதும் பொருந்தாது. அவர் கேட்டது பணத்திற்கான ஈட்டையன்று. தம் செயலுக்குப் பொருள் இருந்ததா என்பதற்கான விடையையே.

அவ்விடையை மறுதொடக்கத்தின் வாயிலாகவே அளித்த படைப்பு யோக்கோ தாரோ நெறிப்படுத்தி 2010இல் வெளிவந்த 'நியர்' ஆகும். முதன்முறை ஆடும்போது கொன்று குவிக்கப்பட்ட நிழலுருக்களின் பேச்சு, இரண்டாம் முறை ஆடும்போது விளங்கும் மொழியில் தரப்படுகின்றது. அவற்றுக்கும் குழந்தைகளும் அன்பும் அச்சமும் இருந்தமை அப்போதுதான் தெரியவருகின்றது. அதே செயலைச் செய்யும் கை இப்போது தயங்குகின்றது. இறுதி முடிவைத் தெரிபவர், ஒருவரைக் காப்பாற்றும்பொருட்டுத் தம் பதிவுகளனைத்தையும் அழிக்கச் சம்மதிக்க வேண்டும். 2017இல் வெளிவந்த 'நியர்: ஓட்டமாட்டா'வில், முன்பின் அறியாத இன்னோர் ஆட்டக்காரருக்கு உதவுதற்கே அத்தியாகம் கோரப்படுகின்றது. குறைந்த உள்ளடக்கத்தை இருமுறை விற்கும் பழைய உபாயம், மறுதரப்பின் குரலைக் கேட்கச் செய்யும் கலை உத்தியாக இங்கு பண்புமாற்றம் அடைகின்றது.

'ஃபோல்அவுற் 3'ஐ ஆக்கிய அதே பெதெஸ்டா, 2023இல் வெளியிட்ட 'ஸ்ரார்ஃபீல்ட்' விளையாட்டில் மறுதொடக்கத்தையே கதையின் முடிவாக அமைத்தது. பதினைந்து ஆண்டுகளுள் நிகழ்ந்த இம்மாற்றம் ஒருவகை வெற்றியே. ஆயினும் முடிவே இல்லாத ஆட்டம் நாணய இயந்திரத்தின் இயல்பென்பதையும் நாம் மறந்துவிடலாகாது. ஒருவரை மீண்டும் தொடக்கத்திற்கு அழைக்கும் எப்படைப்பையும் ஒரு வினாவால் அளவிடலாம்: திரும்பி வருபவர் முன்னர் அறியாத எதனை அங்கு அறிகிறார்? இதற்கு விடையுள்ள இடத்தில் மறுதொடக்கம் கலையாகின்றது. விடையற்ற இடத்தில் அது இன்னொரு நாணயத்தையே கேட்கின்றது.